சுடலையாண்டி மகள் எழுதிய பதில்

ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரிகிற தென்கால் வாய்க்கால் பாசனத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில், பிள்ளைகள் படிக்கிறார்களா இல்லையா என்பதைக் காதால்தான் கண்டுபிடிப்பார்கள். வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வர வேண்டும். சத்தம் வந்தால் படிப்பு. சத்தம் நின்றால் பிள்ளை தூங்குகிறது, இல்லையென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்க்கிற பிள்ளையை எந்தத் தாயும் அங்கே நம்பியதில்லை. "என்னளா, ஊமப்படமா ஓட்டுத?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்துவிடும்.

முத்துராணி படித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். சுடலையாண்டியின் மூத்த மகள். விடிகிற நேரத்தில் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டே, புத்தகத்தை மார்போடு அணைத்துக் கண்ணை மூடி, ஒரு பாடத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் ஒப்பிப்பாள். பாடத்துக்குக் கீழே உள்ள பயிற்சி வினாக்களையும் சேர்த்து ஒப்பித்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பாள். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரிகள் பார்வையிட வந்தால் பெரிய டீச்சர் அவளைத்தான் எழுப்பி விடுவார்கள். தமிழில் படித்த வரைக்கும் இதில் ஒரு குறையும் இல்லை. உருப்போடப் போட, அர்த்தமும் கூடவே உள்ளே இறங்கிவிடும். அர்த்தம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகத் தேடிப் போக வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

1995இல் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மதிப்பெண். அந்தத் தெருவில் கல்லூரிக்குப் போக விண்ணப்பம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் கேட்டாள். இடம் நிரம்பிவிட்டது. "எக்கனாமிக்ஸ் இருக்கு, வேணுமா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள், கத்திரிக்காய் தீர்ந்துபோச்சு, வெண்டைக்காய் போடட்டுமா என்று கேட்பது போல. கூட நின்ற சுடலையாண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். வேண்டும் என்றார்.

வீட்டில் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சுடலையாண்டியும் தம்பி மாடக்கண்ணுவும் ஒரே குடும்பமாக இருந்து, ஒரு சின்ன நெல்வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, பார்த்து வந்தார்கள். நிலக்காரரிடம் பேசுவது, நெல் அளப்பது, வீட்டில் யார் எங்கே போகலாம் என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் மாடக்கண்ணுதான். சுடலையாண்டி மூத்தவர் என்று பெயர். சத்தம் போடத் தெரியாத மனிதர். தம்பி பேசும்போது துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருப்பார்.

"படிக்கட்டும் அண்ணே, நான் குறுக்க நிக்கல" என்றார் மாடக்கண்ணு. "ஆனா ஒண்ணு. தேறுனா படிக்கட்டும். ஒரு பாடத்துல தவறுனாலும் மறுநா வயல்ல இறங்கிரணும். பொறவு ஆள் விட்டு எங்கிட்டப் பேசக்கூடாது."

"எம் மவ தவற மாட்டா" என்றார் சுடலையாண்டி. அவர் தம்பியிடம் இவ்வளவு உறுதியாக எதையும் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. தவறக் கூடாது, அவ்வளவுதான் என்று முத்துராணி நினைத்துக்கொண்டாள். தவறுவது எப்படி என்பதே அவளுக்குத் தெரியாத காலம் அது.

கல்லூரியில் முதல் நாள் புதுப் பெண்களுக்கு வரவேற்பு. வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறவராம். கோட்டுப் போட்டு, வேர்த்து வழிய, ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். பக்கத்துப் பெண்கள் சிரித்தபோது முத்துராணி சிரித்தாள், கைதட்டியபோது தட்டினாள். நடுவில் எல்லோரும் கண்ணை மூடினார்கள், அவளும் மூடினாள். பத்து வருஷம் கழித்து நீங்கள் எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள் என்று அவர் சொன்னதைப் பின்னால் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். கண்ணை மூடியிருந்த நேரத்தில் அவள் யோசித்தது, விடுதியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதை. இப்படிப் பேசுகிறவர்களுக்கு மாலை போட்டுச் சால்வை போர்த்தி அனுப்புகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

வகுப்பிலும் அதே கதை. மேடையில் ஓசை வரும், போகும். பக்கத்தில் உட்காரும் ப்ரியா வேகமாகக் குறிப்பெடுப்பாள். பாளையங்கோட்டைக்காரி, அப்பா அரசு அலுவலகத்தில் அதிகாரி, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கெட்டிக்காரி, கர்வம் கிடையாது. "புரியலன்னா என்கிட்ட கேளு" என்று முதல் வாரமே சொன்னாள். எது புரியவில்லை என்று சொல்ல வேண்டுமானால் ஏதாவது ஒன்று புரிந்திருக்க வேண்டுமே. முத்துராணி சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

பயந்துபோகவில்லை. அவளிடம் ஒரு வித்தை இருந்தது. விடுதியில் சத்தமாகப் படிக்கக் கூடாது என்று வார்டன் சொல்லிவிட்டதால், பின்புறம் துவைகல் கிடக்கிற இடத்துக்குப் போனாள். ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்கும் மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் ஓசையை எழுதிக்கொண்டாள். ப்ரியாவிடம் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதியது. பிறகு நடந்துகொண்டே உருப்போட்டாள். ஸ்பெல்லிங்குக்காக ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பத் திரும்ப எழுதினாள். வந்த மாதமே நூறு பக்கத்துக்கு மேல் நாக்கில் இருந்தது. ராப்பகலாகக் கிடந்து இவ்வளவு உழைத்த பிள்ளையைச் சோம்பேறி என்று எவனும் சொல்ல முடியாது.

கல்லூரிக்குள்ளேயே வைக்கும் முதல் தேர்வில் இந்தியப் பொருளாதாரப் பாடத்துக்கு அவள் எழுதிய விடைத்தாள், சித்ரலேகா மிஸ்ஸின் மேஜைக்குப் போனது. மறுநாள் இடைவேளையில் அவளை ஆசிரியைகள் அறைக்கு வரச் சொன்னார்கள்.

சித்ரலேகா மிஸ் கண்டிப்பானவர். அநியாயக்காரர் இல்லை. அவர் மேஜையில் விடைத்தாளும் பாடப்புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்திருந்தன.

"எங்க வச்சிருந்த புத்தகத்த? மடியிலயா?"

முத்துராணிக்கு முதலில் விளங்கவில்லை.

"ஒரு கமா கூட மாறல. 'முந்தைய அத்தியாயத்தில் கூறியபடி'ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்க. பரீட்சைப் பேப்பர்ல எதும்மா முந்தைய அத்தியாயம்? 'கீழே உள்ள அட்டவணையைக் காண்க'ன்னு எழுதியிருக்க. அட்டவணை எங்க?"

"மனப்பாடம் மிஸ்."

"யாருகிட்ட சொல்லுத?"

"நெசமா மிஸ். ஒப்பிக்கட்டுமா?"

மிஸ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒப்பி என்றார். முத்துராணி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். "கண்ண மூடிக்கிடட்டுமா மிஸ்?" என்று கேட்டாள். மூடினாள். ஆரம்பித்தாள். பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆட, டிஸ்கைஸ்டு அனெம்ப்ளாய்மென்ட் என்ற தலைப்பிலிருந்து பக்கத்தின் அடி வரைக்கும் வந்தாள். மிஸ் கையைக் காட்டியது மூடிய கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனாள். பயிற்சி வினாக்களையும் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். முகத்தில் சிரிப்புக் கூட வந்துவிட்டது.

"சரி" என்றார் சித்ரலேகா மிஸ். "காப்பி அடிக்கல. இப்பச் சொல்லு, இது யாரைப் பத்தி எழுதியிருக்கு?"

முத்துராணி முழித்தாள். யாரையாவது பற்றி எழுதியிருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை. இங்கிலீஷில் இருக்கிறது. அதை வைத்து ஒரு பதில் சொன்னாள்.

"வெளிநாட்டுல உள்ளவங்களப் பத்தி மிஸ்."

யாரோ சிரித்துவிட்டார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

"உங்கப்பா என்ன செய்யுதாங்க?"

"விவசாயம் மிஸ். பாட்டத்துக்கு வயல் பாக்கோம்."

"வீட்டுல யார் யார் வயல் வேலைக்குப் போறீங்க?"

"எல்லாரும் போவோம். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, லீவுன்னா நானும்."

"வயல் பெருசா?"

"இல்ல மிஸ். சின்னதுதான்."

மிஸ் பேனாவை எடுத்து விடைத்தாளில் மதிப்பெண் போட்டார். நல்ல மதிப்பெண்தான். தாளை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நீ ஒப்பிச்சது உங்க வீட்டைப் பத்தித்தான். மார்க் போட்டுட்டேன். போட்டுத்தான ஆகணும். ஆனா இதுல உன்னோடதுன்னு ஒரு வார்த்தை இல்ல. அர்த்தம் தெரிஞ்சு படி."

அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முத்துராணிக்குத் தெரிந்தது. திருடி என்று சொல்லியிருந்தால் கூட இல்லை என்று சாதித்திருப்பாள். இதற்கு என்ன சொல்ல? செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள், துவைகல் பக்கம் போய் உட்கார்ந்து அழுதாள். அன்று மாலை நூலகத்துக்குப் போய் அகராதியை எடுத்தாள். அந்தத் தலைப்பின் முதல் சொல்லுக்கு மாறுவேடம் என்று போட்டிருந்தது. இரண்டாவது சொல்லுக்கு வேலையின்மை. மாறுவேடம் போட்ட வேலையின்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் வெட்கத்தை விட்டு ப்ரியாவிடம் கேட்டாள்.

"அதுவா, ரொம்ப ஈஸி" என்றாள் ப்ரியா. "இப்ப ஒரு வயல் இருக்கு. அதுல ரெண்டு பேர் வேலை செஞ்சாப் போதும். ஆனா வேற வேலை இல்லாததுனால குடும்பத்துல அஞ்சு பேரும் அதுலயே வேலை செய்யுதாங்க. அதுல மூணு பேரை எடுத்துட்டாலும் விளைச்சல் குறையாது. அப்படின்னா அந்த மூணு பேரும் உண்மையில வேலை இல்லாதவங்கதான். பார்த்தா வேலை செய்யுத மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"அவங்களுக்கு அது தெரியுமா?"

"எவங்களுக்கு?"

"அந்த மூணு பேருக்கு."

ப்ரியா கொஞ்சம் யோசித்தாள். "அதெல்லாம் சிலபஸ்ல இல்லப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் மேல் குற்றமில்லை. வயலை அவள் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

தீபாவளி விடுமுறைக்கு முத்துராணி ஊருக்கு வந்தபோது பிசானப் பருவ நடவுக்கு உழவு நடந்துகொண்டிருந்தது. சுடலையாண்டி இருட்டோடு எழுந்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வரப்பு வெட்டினார். மாடக்கண்ணு வெட்டிய வரப்பையே திரும்ப ஒருமுறை செதுக்கினார். மடையில் போய் நின்றார். தண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்தவள்தான் அவள். அப்பா ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாக என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். இப்போது அதே கண்ணால் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. போன வருஷப் பிசானத்தில் சுடலையாண்டிக்கு மஞ்சள் காமாலை. நடவிலிருந்து அறுப்பு வரைக்கும் பாயில்தான் கிடந்தார். நெல்லை அளந்தபோது எப்போதும் போலவே இருந்தது; ஒரு மரக்கால் குறையவில்லை. அதை வீட்டில் எல்லோரும் ஒரு வீரக்கதையாகச் சொல்லிக்கொள்வார்கள். "அண்ணன் படுத்துக் கெடக்கும்போதே ஒரு மணி கொறையாம எடுத்தோம்லா" என்று மாடக்கண்ணு சொல்வார். சுடலையாண்டியும் சந்தோஷமாகத் தலையாட்டுவார். முத்துராணி அந்தத் தீபாவளிக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா முத்துமாலை, விடுதிச் சோறு பழகிவிட்டது இவளுக்கு என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் படித்தவர்கள் நம்ப மாட்டார்கள். அவளுக்கு மனப்பாடம் வராமல் போய்விட்டது. துவைகல் பக்கம் நின்று ஆரம்பிப்பாள். இரண்டாவது வரியில் ஒரு சொல் கையைப் பிடித்து நிறுத்தும். இது என்ன? அகராதிக்கு ஓடுவாள். வந்து திரும்ப ஆரம்பித்தால் அடுத்த சொல் நிறுத்தும். ஒரு மாலையில் பத்துப் பக்கம் ஓடிய நாக்கு இப்போது ஒரு பத்தியைத் தாண்டவில்லை. தாண்டிய பத்தி நன்றாகப் புரிந்தது, அதையும் சொல்ல வேண்டும். இறக்குமதி, பற்றாக்குறை, வறுமைக்கோடு என்று ஒவ்வொன்றும் அதனதன் முகத்தோடு வந்து நின்றன. சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. புத்தகம் தடிமனாக இருந்தது. ஏப்ரலில் பல்கலைக்கழகத் தேர்வு.

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்றாள் ப்ரியா. "பேசாம பழையபடி உருப்போடு. பாஸ் பண்ணிட்டு அப்புறம் மெல்ல புரிஞ்சுக்கலாம்."

நல்ல யோசனைதான். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முத்துராணியும் முயன்று பார்த்தாள். புரியாமல் படிக்கிற அந்தப் பழைய இடத்துக்கு அவளால் திரும்பிப் போக முடியவில்லை. மற்றப் பாடங்களில் ஏற்கெனவே நாக்கில் இருந்ததை வைத்துக் கரையேறிவிடலாம் என்று தோன்றியது. இந்தியப் பொருளாதாரம்தான் பாதிப் புத்தகத்தில் நின்றது.

தேர்வு நாளன்று கேள்வித்தாளைப் பிரித்தால், பெரிய கேள்விகளில் முதலாவது அதுதான். டிஸ்கைஸ்டு அனெம்ப்ளாய்மென்ட், அதாவது மறைமுக வேலையின்மை, பற்றி விவரி.

அந்தப் பக்கம் மட்டும் அவளுக்குள் அழியாமல் இருந்தது. எழுத வேண்டியதுதான், இருபது நிமிஷ வேலை. தலைப்பை எழுதினாள். முதல் வரியை எழுதினாள். அவர்களில் சிலரை விலக்கிவிட்டாலும் மொத்த விளைச்சல் குறைவதில்லை என்ற வரி வந்தபோது கை நின்றுவிட்டது. பாயில் மஞ்சளாகப் படுத்திருந்த அப்பா வந்து எதிரே நின்றார். அவரை 'சிலர்' என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சின்னச் சின்ன வாக்கியமாக, எழுத்துப் பிழையோடு, முதல்முறையாகச் சொந்தமாக எழுதினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

என் தகப்பனார் பெயர் சுடலையாண்டி. நாங்கள் ஐந்து பேர் ஒரு சிறிய வயலில் வேலை செய்கிறோம். என் தகப்பனார் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருப்பார். போன வருஷம் அவருக்குக் காமாலை வந்தது. அவர் வயலுக்குப் போகவில்லை. நெல் குறையவில்லை. எனவே அவர் வேலை இல்லாதவர். அவருக்கு இது தெரியாது.

இதை எழுதி முடிப்பதற்குள் நேரம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. மிச்சக் கேள்விகளுக்குத் தெரிந்ததைத் தொட்டும் தொடாமலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தத் தாளைத் திருத்தியவர் யாரோ, எந்த ஊரோ. கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு மின்விசிறி ஓடாத அறையில் உட்கார்ந்திருந்திருப்பார். அவரிடம் கொடுத்த விடைக்குறிப்பில் சுடலையாண்டி என்ற பெயர் இல்லை. அவர் என்ன செய்வார், பாவம்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, இந்தியப் பொருளாதாரத்தைத் தவிர. அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றவளைச் சித்ரலேகா மிஸ்ஸே வந்து பார்த்தார்.

"என் பேப்பர்லயா போச்சு? நீதான் புத்தகத்தையே முழுங்கி வச்சிருந்தியே" என்றார். உண்மையிலேயே அவருக்கு வருத்தம். "பரவால்ல. ரெண்டாம் வருஷம் படிச்சுக்கிட்டே அக்டோபர்ல அரியர் எழுதிரலாம். எல்லாரும் செய்யுததுதான்."

"அர்த்தம் தெரிஞ்சு எழுதினேன் மிஸ்" என்றாள் முத்துராணி.

மிஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அந்தப் பழைய இடைவேளை அவருக்கு நினைவு வந்ததா இல்லையா தெரியவில்லை. "பரீட்சை வேறம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அரியர் என்பதெல்லாம் மாடக்கண்ணுவிடம் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கு வந்து சேதியைச் சொன்னதும் அவர் கோபப்படக் கூட இல்லை. "பேச்சு பேச்சாத்தான் இருக்கணும்" என்றார். "கார் நெல்லு நடவு வருது. இறங்கட்டும்." முத்துமாலை முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் முத்துராணி கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோது சுடலையாண்டி தேடிக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து துண்டை மடித்தார், பிரித்தார்.

"ஏளா, நீ தவறுத புள்ள இல்ல" என்றார். "என்ன நடந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லு. நீ நல்லா எழுதியும் பேப்பர் திருத்துனவன் மார்க்கு போடாம விட்டிருந்தா, அது ஒம் மேல குத்தமில்ல. நான் தம்பிகிட்ட பேசுதேன். எப்படியாச்சும் பேசி ஒன்னக் கொண்டு போய் விட்டுருதேன். என்ன கேட்டிருந்தாம்? நீ என்ன எழுதுன?"

தம்பியிடம் எதிர்த்துப் பேசுகிறேன் என்று அவர் சொல்கிறார். பேசியும் இருப்பார். மகள் நியாயமாக எழுதித் தோற்றாள் என்று ஒரு பிடி கிடைத்தால் போதும், அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு அவர் மலையைக் கூட நகர்த்தியிருப்பார். முத்துராணிக்கு அது நன்றாகத் தெரிந்தது. இரண்டாம் வருஷம், விடுதி, நூலகம், பாதியில் நிற்கிற புத்தகம் எல்லாம் ஒரு வாய்ச்சொல் தூரத்தில் இருந்தன. தான் எழுதியதைச் சொன்னால் போதும்.

என்னவென்று சொல்வாள்? நீங்க வேலை இல்லாதவகன்னு எழுதுனேம்ப்பா, நீங்க இல்லன்னாலும் ஒரு மணி நெல்லு கொறையாதுன்னு எழுதுனேன், அது சரியான பதில்தாம்ப்பா என்றா?

அவர் காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அன்றைக்கும் எல்லோருக்கும் முன்னால் வயலுக்குப் போய், எல்லோருக்கும் பின்னால் கரையேறி வந்திருந்தார்.

"ஒண்ணும் எழுதலப்பா" என்றாள். "படிக்காம விட்ட பாடத்துலருந்து கேட்டுட்டாங்க."

சுடலையாண்டி அவள் முகத்தையே பார்த்தார். "படிக்கலையா?"

"படிக்கல."

"அங்கன போய்ப் படிக்காம என்ன செஞ்ச?"

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தன் ஆயுளில் தம்பியிடம் ஒரே ஒரு தடவை அழுத்திச் சொன்ன சொல்லும் பொய்யாகப் போன மனிதர் நடக்கிற நடையாக இருந்தது அது. முத்துராணி அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் சொல்லிவிடுவோம் என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன்னம்பிக்கைப் பேச்சுக்காரர்கள் மனவுறுதி, மனவுறுதி என்கிறார்களே, அவளிடம் அது இருந்தது. அதை வைத்துத்தான் அன்று அவள் தன் படிப்பைக் கெடுத்துக்கொண்டாள்.

கார் நடவு அந்த மாதக் கடைசியில் வந்தது. முத்துமாலை, சித்தி, கூலியில்லாமல் மாற்றாளாக வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வரிசையாக நின்று குனிந்திருந்தார்கள். முத்துராணி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவள் நிற்க இடம் இல்லை. பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, நடுவில் ஓர் ஆள் நிற்க வழி விட்டார்கள். "வாளா, நம்ம பழைய ஆளுதான" என்றாள் சித்தி. முடிக் கட்டைப் பிரித்து நாற்றை விரலிடுக்கில் பிடித்து நடத் தொடங்கினாள். அவள் நட்ட இடம் மற்றவர்களுக்கு மிச்சமானது. மிச்சமான இடத்துக்கு அவர்கள் கொஞ்சம் மெதுவாகக் குனிந்தார்கள், கொஞ்சம் கூடப் பேசினார்கள். கரையில் நாற்றுமுடியை எடுத்துப் போட்டுக்கொண்டு சுடலையாண்டி நின்றார். மாடக்கண்ணு போட்ட முடிகளையே எடுத்துத் தள்ளித் தள்ளிப் போட்டார்.

கடைசி வரிசை முடிந்து கரையேறும்போது திருச்செந்தூர் பாசஞ்சர் போய்க்கொண்டிருந்தது. இந்த வயலில் நடவு முடிவதும் அந்த ரயில் போவதும் எல்லா வருஷமும் ஒரே நேரம்தான்.

வந்த நாளிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த சுடலையாண்டி, அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கத்தில் வந்தார். அவள் கால் கழுவத் தண்ணீரைக் கையால் தள்ளி விட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, மகளுடைய மனம் ஆறட்டும் என்று நினைத்து, சொன்னார்:

"எம் மவ இறங்குனதும் இன்னைக்கு வேலை எப்படி ஓடிட்டு பாத்தியளா. ஒரு ஆளு கூட இருந்தா அது வேறதான். என்னளா?"

முத்துராணி குனிந்து காலைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"ஆமாப்பா" என்றாள்.